கல்யாண மண்டபத்தில் நின்ற கறுப்புக் கார்

தென்காசியில் ஆவுடைநாயகத்துக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி வாங்க வருகிறவர்களைவிடச் சும்மா பேச வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். யார் வந்தாலும் முதலில் அவருடைய கண்ணாடியைக் கழற்றி வாங்குவார் ஆவுடைநாயகம். வாயால் ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு தரமும் துடைத்துத்தான் கொடுப்பார். கண்ணாடி போடாத ஆள் வந்தால் கை சும்மா இருக்காது. அவருடைய செல்போனை வாங்கித் துடைப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு கார் வாங்கினார். அதுவும் கறுப்புக் கார்.

"கறுப்பு எடுக்காதிய. தூசி அப்படியே தெரியும்" என்று மனைவி குழல்வாய்மொழி சொல்லத்தான் செய்தாள்.

"தெரிஞ்சாத்தான தொடைக்க முடியும்" என்றார் அவர்.

அன்றோடு வீட்டின் நிம்மதி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் இரண்டு வாளி இருக்கும். ஒன்றில் நுரைத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். நுரையில் முக்கிய துணியை வெறும் தண்ணீரில் அலசாமல் மறுபடி நுரையில் முக்கினால் மண் துகள் பெயிண்டைக் கீறிவிடுமாம். வீட்டில் பழைய பல்துலக்கும் பிரஷ்கள் காணாமல் போயின. அவை தீர்ந்ததும் புதியவை போயின. ஏசி காற்று வருகிற இடுக்குகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தார். மகள் முத்துசெல்வியின் ஹேர் டிரையர் கார் கதவு இடுக்கில் ஈரம் உலர்த்தப் போய்ப் புகைந்து நின்றது.

முத்துசெல்வி ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். அப்பாவின் வலது தோளுக்கு வாரம் தவறாமல் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. "எங்கிட்ட வாரவங்க மூட்டை தூக்கித் தோள் போனவங்க. நீங்கதாம்ப்பா துணியத் தூக்கித் தோள் போன மொத ஆளு" என்பாள்.

காரில் ஏறுவதற்கும் சட்டங்கள் இருந்தன. செருப்பை வெளியே தட்டிவிட்டு ஏற வேண்டும். உள்ளே எதையும் தின்னக்கூடாது. தலையில் பூ வைத்துக்கொண்டு ஏறினால் உதிரும். ஆகவே பூவைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இறங்கினபின் வைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் கார் வீட்டில், குடும்பம் பஸ்ஸில். கடையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்ததைக் குழல்வாய்மொழி எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போன ஆடி மாதம் ஆவுடைநாயகத்துக்குச் செராமிக் கோட்டிங் ஆசை வந்தது. சின்னக் குப்பியில் வருகிற திரவம். காரின் மேல் தடவித் துடைத்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். தண்ணீர் ஒட்டாது, அழுக்கு ஒட்டாது. ஆனால் தடவும்போது ஒரு தூசி விழக்கூடாது. தடவியபின் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விரல் படக்கூடாது. அவர் பார்த்த வீடியோவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாலு பக்கமும் அடைத்த அறையில் அதைச் செய்தார்.

தென்காசியில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அந்த வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாது. கோயில் வாசலில் நின்றால் ஆளையே பின்னுக்குத் தள்ளும். வாசல் கொட்டகையில் வைத்துச் செய்யப் பார்த்தார் ஆவுடைநாயகம். கோட்டிங் போடுமுன் காரைத் துடைத்து முடிப்பதற்குள் வேப்பிலை, கோழி இறகு, யாரோ கிழித்த பஸ் டிக்கெட் எல்லாம் வந்து உட்கார்ந்தன. காற்றை மறைக்க மனைவியின் சேலைகளைச் சுற்றிலும் கட்டினார். ஒரு சேலை பறந்து பக்கத்துத் தெருவில் போய்க் கிடந்தது.

அப்போதுதான் மச்சினன் நல்லகண்ணுவின் நினைவு வந்தது. குழல்வாய்மொழியின் தம்பி. ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர்.

"மண்டபத்துக்குள்ள காரா, அத்தான்?" என்றான் நல்லகண்ணு.

"ஆடி மாசம் எவம்லே கல்யாணம் வைக்கான்? சும்மாதான கெடக்கு."

"ஓனருக்குத் தெரிஞ்சா என்னையத் தொலைச்சிருவாரு."

"போகும்போது மண்டபத் தரையத் தொடச்சுத் தாரேன்."

நல்லகண்ணு யோசித்தான். அத்தான் தரை துடைத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். சம்மதித்தான்.

சமையல் சாமான் ஏற்றுகிற சரிவு வழியாக, இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காரை உள்ளே ஏற்றினார் ஆவுடைநாயகம். மணமேடைக்கு எதிரே நிறுத்தினார். கீறல் தெரிய வெளிச்சம் வேண்டுமென்று மேடை விளக்கெல்லாம் போடச் சொன்னார். ஃபேன் போட்டால் தூசி விழும் என்று நிறுத்தச் சொன்னார். சட்டையில் நூல் பிரியும் என்று பனியனோடு நின்றார். தலைமுடி விழக்கூடாதென்று மகளுடைய குளியல் தொப்பியை மாட்டிக்கொண்டார். விழுவதற்கு அங்கே அதிகம் இல்லை.

கட்டம் கட்டமாகத் தடவினார், துடைத்தார். வேர்வை காரின் மேல் சொட்டாமல் இருக்க அடிக்கடி நாலடி தள்ளிப் போய்த் தலையை உதறினார். சாயங்காலம் வேலை முடிந்தபோது முன் மூடியில் மணமேடை தலைகீழாகத் தெரிந்தது. மாப்பிள்ளை நாற்காலியின் சிங்கத் தலைக்குப் பல் எத்தனை என்று எண்ணலாம் போல இருந்தது. வாக்குக் கொடுத்தபடி தரையையும் துடைத்தார்.

"எதையும் தொடாத. நாளைக்குச் சாயந்தரம் வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லகண்ணு சொன்ன சொல் தட்டாதவன். லைட் சுவிட்சைக்கூடத் தொடவில்லை. ஆகவே ராத்திரி முழுக்க மணமேடை விளக்கு எரிந்தது. எதிர் டீக்கடைக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பூட்டின மண்டபம், அலங்கார விளக்கு, நடுவில் பளபளவென்று ஒரு கார். இது யாரோ பெண்ணுக்குக் கொடுக்கிற சீர் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. யாருடைய கார் என்பது நம்பர் பிளேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடுகிற ஊர் அது.

மறுநாள் காலையில் கடைக்கு முதல் ஆளாக வந்தவர் கல்யாணத் தரகர் அய்யாக்குட்டி. முத்துசெல்வியின் ஜாதகத்தைப் பாவூர்சத்திரத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்து, அவர்கள் பதில் சொல்லாமல் இருந்ததால் கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தவர்.

"அண்ணாச்சி, மண்டபத்துல பாத்தேன். பெரிய ஏற்பாடுதான்" என்றார்.

ஆவுடைநாயகம் பூரித்துப்போய் அவருடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கினார். "பின்ன? ஆசைப்பட்டுச் செய்யுத காரியம். நல்லா செய்யாண்டாமா?"

"எப்ப முடியும்?"

"இன்னைக்குச் சாயந்தரம் முடிஞ்சிரும்."

"இன்னைக்கேவா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

"யாருக்குமே சொல்லல வே. ஆள் வந்தாத் தூசி."

அய்யாக்குட்டிக்கு அது என்ன பதில் என்று விளங்கவில்லை. ஆனால் வேறு யாரோ மாப்பிள்ளையை இன்று சாயங்காலம் முடிக்கப்போகிறார்கள் என்பது விளங்கியது. துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்து, பதில் சொல்லாமல் இருந்த அந்தப் பாவூர்சத்திரத்து வீட்டுக்காரர், காய்கறிக் கமிஷன் கடை விஸ்வநாதனுக்குப் போன் போட்டார்.

ஆடியில் பெண் பார்க்கக் கூடாதே என்றார் விஸ்வநாதன். கார் பார்க்கலாம் என்றார் அய்யாக்குட்டி.

மதியத்துக்குள் விஸ்வநாதனும் அவர் மனைவி சண்முகவடிவும் மகன் பாண்டியராஜும் அய்யாக்குட்டியோடு மண்டபத்தில் வந்து இறங்கினார்கள். தரகர் சொன்ன விவரத்தைக் கேட்ட நல்லகண்ணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தான் தன்னிடம்கூட மறைத்துவிட்டாரே என்று கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான். விருந்தாளி வந்தால் வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைப்பது அவன் கைப்பழக்கம். வைத்தான். பிறகு அக்காவுக்குப் போன் செய்தான். அதற்குப் பிறகு அத்தானுக்கு.

"அத்தான், பாவூர்சத்திரத்துலேந்து பாக்க வந்திருக்காவ."

"எத?"

"காரத்தான். சுத்திச் சுத்திப் பாக்காவ."

"தொடுதாவளா?"

நல்லகண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, "லேசா" என்றான். ஆவுடைநாயகம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினார்.

அவர் உள்ளே நுழைந்தபோது காரின் முன் மூடியில், நட்ட நடுவில், மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவே குங்குமம் வைத்திருந்தது. துடைக்கக் கை போயிற்று. தொடக்கூடாது என்பது நினைவு வந்து கை திரும்பிற்று. மறுபடி போயிற்று, மறுபடி திரும்பிற்று. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் காருக்குத் திருஷ்டி கழிப்பதுபோல் இருந்தது.

"யாரு வச்சது?" என்றார்.

"நாந்தான்" என்றாள் சண்முகவடிவு சிரித்த முகத்தோடு. "வீட்டுக்கு வரப்போற வண்டியில்லா?"

"எந்த வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான்."

அப்போதுதான் ஆவுடைநாயகத்துக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததும், யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் சொன்னார்: "கார் கெடையாது."

விஸ்வநாதன் தொண்டையைச் செருமினார். "அப்பம் பொண்ணு?"

"பொண்ண வேணும்னாக் கூட்டிட்டுப் போங்க. காரத் தர மாட்டேன்."

கல்யாண மண்டபத்தில் பேச்சு நன்றாக எதிரொலிக்கும். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி உள்ளே வந்துகொண்டிருந்த குழல்வாய்மொழிக்கும் முத்துசெல்விக்கும் அது இரண்டு தடவை கேட்டது.

முத்துசெல்வி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழல்வாய்மொழி சிரிக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பாண்டியராஜ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, டயர் இவ்வளவு கறுப்பா இருக்கே, என்ன போடுதிய?" என்று கேட்டான்.

"அதுவா? தண்ணி கலந்த பாலிஷ் ஒண்ணு இருக்கு, எண்ண கலந்தத மட்டும் வாங்கிராத" என்று ஆவுடைநாயகம் ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏலே, எந்திலே" என்றார் விஸ்வநாதன் மகனிடம்.

முத்துசெல்விதான் நிலைமையைச் சரிசெய்தாள். "எங்கப்பா இந்தக் கார்ல என்னையே ஏத்த மாட்டாவ. ஒங்களுக்கு எப்படித் தருவாவ? என் கல்யாணத்த நானே சொல்லும்போது பாத்துக்கிடலாம். காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அய்யாக்குட்டி மட்டும் குடிக்காமல் போனார்.

சாயங்காலம் துடைத்தபோது சந்தனம் போயிற்று, அடையாளம் போகவில்லை. மூன்று மஞ்சள் கோடு, விரல் ரேகையோடு, கண்ணாடிக்கு அடியில் வைத்ததுபோல் இறுகியிருந்தது. பாலிஷ் போட்டுப் பார்த்தார். கோடும் சேர்ந்து பளபளத்தது. மூடி முழுவதையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தால்தான் போகும் என்றார்கள்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். குழல்வாய்மொழி அவரோடு பேசவில்லை. சோறு வந்தது, தட்டு வைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. ஒரு வாரம் பொறுத்து அவரே போய் நின்றார்.

"என்ன செய்யணும்னு சொல்லு."

"ஐந்தருவிக்குப் போகணும். கார்ல. தலையில பூவோட."

"சாரல் விழுதே."

"அதனாலதான் போகணும்."

போனார்கள். குழல்வாய்மொழி எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் ஆசைதீரக் குளித்தாள். ஈரச் சேலையைப் பிழிந்து முடிந்துகொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, செருப்பைத் தட்டாமல், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முத்துசெல்வி பின்னால் ஏறினாள்.

ஆவுடைநாயகம் மட்டும் ஏறாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். சாரல் துளிகள் கார் மேல் விழுந்து, ஒன்றுகூட ஒட்டாமல், முத்து முத்தாக உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கார் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்தார்.

"அங்கன என்ன வேடிக்க? வண்டிய எடுங்க, குளிருது" என்றாள் குழல்வாய்மொழி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவளாகப் பேசின முதல் பேச்சு அது. அவர் அவசரமாக ஏறினார்.

குற்றாலம் தாண்டும்போது வாங்கின மங்குஸ்தான் பையை அவள் மடியில் பிரித்தாள். ஒன்றை நசுக்கி உடைத்து, பாதியை மகளுக்குக் கொடுத்து, மீதியைத் தின்றாள். பட்டால் கறை போகாத அந்தத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் பளிச்சென்று இருந்தது.

"இத எங்கன போட?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் தன் வெள்ளைச் சட்டைப் பையை ஒரு விரலால் விரித்துக் காட்டினார்.

அவள் போட்டாள். பிறகு இன்னொன்றை உடைத்தாள்.