தேத்தண்ணியில் கரைந்த இரும்பு

மலேசியாவின் கூலிமில் கம்பெனி பஸ் ஏறும்போது முதலில் தலை சுற்றியது. பசி என்று நினைத்தேன். அடுத்த வாரம் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பையில் நார்க்கட்டி (புற்றுநோயல்லாத தசைக்கட்டி) என்றார் மருத்துவர். மாதந்தோறும் அது இரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தது. இப்போதே அறுத்தால் கட்டியை மட்டும் எடுக்கலாம், வளரவிட்டால் கருப்பைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். ஆனால் ஹீமோகுளோபின் (பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தப் புரதம்) ஏறாமல் கத்தி வைக்க மாட்டார்களாம்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மருத்துவர் சொன்னதையெல்லாம், கரங்கான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய அம்மாவுக்கு நானே விளக்கினேன். ஈரல், நெத்திலி, முருங்கைக்கீரை என்று அவர் குறையே வைக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரைதான் குமட்டியது. அதற்கும் வழி வைத்திருந்தார். தோட்டத்தில் எந்த மாத்திரையையும் சூடான தேத்தண்ணியோடுதான் விழுங்குவார்கள்.

சோதனைக்கு இரண்டு முறை இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏறவில்லை. அறுவைச் சிகிச்சை இரண்டு முறையும் தள்ளிப்போனது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாயா என்று மருத்துவர் கேட்டபோது, என்னைப் பார்த்தா கேட்கிறீர்கள் என்று வாய்வரை வந்தது.

அடுத்த முறை உணவியல் அலுவலரான ஒரு மலாய்ப் பெண், எதோடு விழுங்குகிறாய் என்று கேட்டார். கூட வந்திருந்த அம்மா பெருமையாக முந்திக்கொண்டார்.

"தேத்தண்ணி லா. திக்கா, பால் ஊத்தி நான்தான் கலக்கித் தருவேன்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். தேயிலையின் டானின் (துவர்ப்புப் பொருள்) இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம். உடலுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலியாடி?"

"உணவுக் கூம்பு வரைஞ்சு கலர் அடிச்சோம்மா."

நீடித்த வளர்ச்சி என்று எங்கள் தொழிற்சாலைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். பை நிறைய மாத்திரை கொடுத்து, எதோடு விழுங்கக் கூடாது என்று ஒரு வரி சொல்லாவிட்டால் எது நீடிக்கும்? இதை வாசிக்கும் நீங்களாவது மருத்துவரிடம் கேளுங்கள். சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

அலுவலர் சொன்னபடி, வைட்டமின் சி நிறைந்த கொய்யாச் சாற்றோடு விழுங்கத் தொடங்கிய பிறகு ஹீமோகுளோபின் ஏறியது. கட்டியை எடுத்தார்கள். கருப்பை பிழைத்தது.

இப்போது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எங்கள் வீட்டில் தேத்தண்ணி. நேற்று அப்படிக் காத்திருந்தபோது அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"அப்ப, மரம் சீவுன காலமெல்லாம் எனக்கு இருந்த அசதி?"

சோம்பேறி என்று தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணியிடம் வாங்கிய ஏச்சை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். நாளை சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போவது அவர்.