புலிக்குகைக் கேள்வி

அப்பாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று மாமல்லபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவரும் அப்பாதான். பேருந்து நிலையத்திலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு புலிக்குகைக்குப் போய் வருவது அவர் தொழில். போகிற வழியெல்லாம் தலையைப் பின்னால் திருப்பித் திருப்பிக் கதை சொல்லுவார். எந்தப் பல்லவன் எந்தப் பாறையைக் குடைந்தான், அதைப் பார்த்து அவன் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்பது வரைக்கும் பக்கத்தில் நின்று கேட்டவர் மாதிரி சொல்லுவார். வண்டியில் வருகிறவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள், எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு தடவை என் பெரியப்பா மகன், சவாரிக்காரர்கள் எதிரிலேயே, "சித்தப்பா, அந்த ராஜா பேரு அது இல்ல" என்று திருத்திவிட்டான். அன்றிலிருந்து அவனோடு அப்பாவுக்குப் பேச்சு வார்த்தை இல்லை. தெருவில் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அம்மா வேறு மாதிரி. அவள் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பேருந்தைப் பிடித்துப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் கொண்டுவருகிற பொது அறிவுப் புத்தகங்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். மெஷின் ஒரு பக்கத்தை வெளியே தள்ளுவதற்குள் அடுத்த பக்கத்தைப் படித்துவிடுவாள். படித்ததைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். டிவியில் வினாடி வினா ஓடும்போது மட்டும், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, போட்டியாளர் வாய் திறப்பதற்கு முன்னால் விடையைச் சொல்லிவிடுவாள். கூடவே அப்பாவும் ஒன்று சொல்லுவார். அவர் சொன்னது தப்பாகப் போனால், கேள்வி கேட்கிறவனுக்கு விவரம் போதாது என்பார்.

என் தாய்மாமன் சும்மா இருக்காமல் அம்மா பெயரில் அந்த நிகழ்ச்சிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டார். அவர்கள் போனில் கேட்ட கேள்விகளுக்கு அம்மா பதில் சொல்ல, சென்னைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு கேள்விக்கு வெளியில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டு உதவி கேட்கலாம் என்பது நிகழ்ச்சியின் விதி. யாரைப் போடலாம் என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. ஜெராக்ஸ் கடை முதலாளியின் மகன் பெரிய பரீட்சைக்கெல்லாம் படிக்கிறான், அவனைப் போடலாம் என்றார் மாமா. அப்பா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "அதெல்லாம் வேணாம்டா, இவரே இருக்கட்டும்" என்றாள். அப்பா அன்றைக்கு இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

படப்பிடிப்பு நாளில் அம்மாவும் மாமாவும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார்கள். போனுக்குக் காவலாக அப்பாவும் நானும் வீட்டில் இருந்தோம். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். போனில் முகம் தெரியாதே என்று கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன். நடுவில் வழக்கமான சவாரிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "இன்னா சார், டிவிலேருந்து போன் வர்ற நேரத்துல பேஜாரு பண்ணிகினு" என்று அப்பா கத்திவிட்டுப் போனை வைத்தார். மதியம் தாண்டியும் அழைப்பு வரவில்லை. அவர் சட்டை முதுகில் ஒட்டிப்போனது. எனக்கு ஒன்றுக்கு வந்தது, ஆனாலும் எழுந்து போகப் பயமாக இருந்தது.

கடைசியில் அழைப்பு வந்தது. நானும் கேட்கவேண்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார். நிகழ்ச்சி நடத்துகிறவர் வணக்கம் சொன்னார். அவர் பின்னாலேயே அம்மாவின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"இன்னாங்க, நம்ம புலிக்குகை வாசலைச் சுத்தி வரிசையா செதுக்கி இருக்குதே, அது எதோட தலை? புலி, சிங்கம், யானை, நாலாவது..."

நாலாவதைச் சொல்ல அப்பா விடவில்லை.

"புலிம்மே! இதுக்குப் போயி போன் போடுவியா? புலிக்குகைல புலி இல்லாம பூனையா கீது? கண்ண மூடிக்கினு சொல்லு, புலி!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். உலகத்தில் இருக்கிற அத்தனை கேள்வியையும் விட்டுவிட்டு எங்கள் ஊர்க் கேள்வி, அதிலும் அவர் தினமும் போய் வருகிற இடத்தைப் பற்றியே கேள்வி! சாயங்காலமே ஸ்டாண்டுக்குப் போய் அத்தனை பேரிடமும் சொல்லி, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று புலி என்ற சொல்லைக் கேட்காத ஆட்டோக்காரர் மாமல்லபுரத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

அம்மா இருட்டிய பிறகு வந்தாள். ஜெயித்த முகமா தோற்ற முகமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒளிபரப்பாகும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். மாமாவையும் அரங்கத்துக்குள் விடவில்லையாம். நான் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியும், "டிவில பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றார்கள். பார்த்தால் புலிக்குகைக்கு. வெளியூர்ப் பள்ளிகளெல்லாம் எங்கள் ஊருக்கு வரும்போது நாங்கள் மட்டும் எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. டீச்சர் குகைக்கு எதிரே எங்களை மணலில் உட்காரவைத்து, இது எதனுடைய தலை என்று கேட்டார். எல்லோரும் புலி என்று கத்தினோம். ஆட்டோக்காரர் மகள் என்கிற உரிமையில் நான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

"பேருதான் புலிக்குகை. நல்லா பாருங்க, இது யாளி" என்றார் டீச்சர்.

பார்த்தேன். பிதுங்கிய கண், சுருண்ட பிடரி, கொம்பு மாதிரி எதுவோ. எந்த ஊரில் புலிக்கு இப்படி முகம் இருக்கும்? அம்மா சொல்ல வந்த நாலாவது எது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டுபோன புளிசாதத்தை ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. அப்படியே நாய்க்குக் கொட்டிவிட்டு வந்தேன்.

அன்று தொடங்கிய பயம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அப்பா சொன்னதை அம்மா அப்படியே சொல்லியிருந்தால், அப்பாவால் அம்மா தோற்றிருக்கிறாள். சொல்லாமல் யாளி என்று சொல்லியிருந்தால், அத்தனை பேர் பார்க்க அப்பாவின் பேச்சை மீறியிருக்கிறாள். சொந்த அண்ணன் மகனையே ஒதுக்கி வைத்த மனிதர் அம்மாவை என்ன செய்வார்? அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அச்சரப்பாக்கத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போவது மாதிரியும், என்னை யார் கூட்டிக்கொண்டு போவது என்று தெருவில் பஞ்சாயத்து நடப்பது மாதிரியும் பாடம் நடக்கும்போதெல்லாம் தோன்றும். அம்மாவிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் கையெழுத்து என்பாள்.

அப்பாவையாவது தயார் செய்யலாம் என்று ஒருநாள் துணிந்து, "யாளின்னா இன்னாப்பா?" என்று கேட்டேன்.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கோயில்ல இருக்கற மிருகம். எதுக்குக் கேக்கற?"

"சும்மாத்தான்."

"சும்மாவா? சரி, சாப்டு."

பாவம், இவருக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அவரோ ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் ஒருவர் பாக்கியில்லாமல், நிகழ்ச்சி ஒளிபரப்பாகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். இளநீர்க்காரர், லாட்ஜ் மேனேஜர், சங்குக்கடை அக்கா என்று அழைப்பு நீண்டுகொண்டே போனது. ஒருநாள் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கே போனார். வாசலில் நின்று, "டேய், உங்க சித்தி டிவில வர்றா. நீ வராம இருந்துடாத" என்றார். திருத்தினானே, அந்த அண்ணனிடம்! அவன் வந்து பார்த்துவிட்டு ஆயுசுக்கும் சிரிக்கப் போகிறான் என்று நான் வண்டிக்குள்ளேயே குனிந்துகொண்டேன்.

வேறு வழி தெரியாமல் நான் கேபிள்காரரிடம் போனேன். எங்கள் தெருவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இணைப்பை நிறுத்திவிட முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, வெளாட்றியா? உங்கம்மா வர்ற அன்னிக்கு லைன் கட்டாச்சுன்னா உங்கப்பா என் வூட்டையே கொளுத்திடுவாரு" என்று சிரித்தார். சொன்னதோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து, ஒயரையெல்லாம் சரிபார்த்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

வீடு கொள்ளாத கூட்டம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிலர் தொங்கினார்கள். பெரியப்பா மகன் மூலையில் நின்றான். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, போட்ட பஜ்ஜி போதாது என்று போட்டுக்கொண்டே இருந்தாள். மின்சாரம் போகவேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். மற்ற நாளில் தவறாமல் போகிற மின்சாரம் அன்றைக்குப் போகவில்லை.

டிவியில் அம்மா வந்தாள். கேள்விகள் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். ஒவ்வொன்றுக்கும் வீடு அதிர்ந்தது. புலிக்குகைக் கேள்வி வந்ததும் ஜன்னலில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். அப்பாவின் குரல், "இதுக்குப் போயி போன் போடுவியா?" என்று டிவிக்குள்ளிருந்து முழங்கியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டிவியில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"இவ்வளவு உறுதியா சொல்றாரே, புலின்னு வெச்சிடலாமா?" என்றார் நடத்துகிறவர்.

"இல்ல சார். யாளி."

"உங்க கணவர் அந்த இடத்துக்கே ஆட்டோ ஓட்டறவர்னு சொன்னீங்களே?"

"அவரு தினமும் ரோட்டு கேட் வரைக்கும் போறவரு சார். உள்ள போனதில்ல."

டிவியில் அரங்கமே சிரித்தது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. உண்மைதானே, புலிக்குகையின் ரோட்டோர கேட்டில் சவாரியை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்திக் காத்திருப்பதுதான் ஆட்டோக்காரர்களின் வழக்கம். அங்கே உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர்கள் யாருமே உள்ளே போனதில்லை. எல்லோரும் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எப்பிடிப் போட்டா பாத்தியா!" என்று பெரியப்பா மகனைப் பார்த்துக் கத்தினார். "டேய், எப்பிடிப் போட்டா பாத்தியாடா உங்க சித்தி!" அவன் முதலில் தயங்கி, பிறகு அவனும் சிரிக்க, வீடே சிரித்தது. "இன்னாமே, வெளிய வாமே!" என்று அப்பா அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். சங்குக்கடை அக்கா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். டிவியில் அடுத்த கேள்வியில் அம்மா தோற்றுப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று சொல்லி யாரோ ஒரு பஜ்ஜியை வாயில் திணித்தார்கள்.

ஒன்றை நான் பார்த்தேன். அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்தக் கேள்வி வந்ததிலிருந்து நான் பெரும்பாலும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டிவியில் "அவரு தினமும்" என்று ஆரம்பித்தபோது, அப்பாவின் உதடும் கூடவே அசைந்தது. "உள்ள போனதில்ல" என்பது வரைக்கும் ஒரு சொல்கூடப் பிசகாமல் அசைந்தது. கல்யாணம் ஆனவர்களுக்கு ஒருவர் பேசப்போவது இன்னொருவருக்குத் தானாக வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து திரும்பிய இரவே அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள் என்பதும், உங்களுக்கு அவமானம், யாரையும் கூப்பிடாதீர்கள் என்று அழுதாள் என்பதும், மறுநாள் காலையில்தான் அவர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க ஆரம்பித்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.