எருமை வழிக்கு வைத்த கேட்

நான் கட்டியதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. குரோம்பேட்டையில் ஒரு வரிசைக் கடைகள். அஸ்தினாபுரத்தில் கல்யாண மண்டபம்; மழை வந்தால் தண்ணி நிற்கிற மண், இஞ்சினியர்களே கைவிட்ட இடம். வீடுகள் எத்தனை என்று எண்ணவில்லை. அப்புறம், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கல்லூரிக்குக் காம்பவுண்டுச் சுவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

எழுத உட்கார்ந்தது அந்தச் சுவரைப் பற்றித்தான்.

எண்பதுகளின் கடைசி. கல்லூரிக்குப் பின்னால் எங்கள் ஊர் ஏரி. ஊர் எருமைகள் ஏரிக்குப் போய் வந்ததெல்லாம் கல்லூரி நிலத்தின் வழியாக. எருமை போகிற இடத்தில் மனுஷனும் போவான். லேபுக்குப் பின்னால் சீட்டாட்டம், பாட்டில், பெண்களைக் கிண்டல். அதைத் தடுக்கத்தான் சுவர். எழுப்பிய ஒரு வாரத்தில் ஓட்டை. அடைத்தேன். மறுபடி ஓட்டை. வெளியூர் வாட்ச்மேன்களுக்கு மாணவன் யார், ஊர்க்காரன் யார் என்றே தெரியவில்லை.

அந்த விஷயமாகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் லெக்சரர் அம்மா ஒருவர் நின்றிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஐந்து மணிவரை நடத்த வேண்டிய பிராக்டிகலை மூன்றரைக்கே முடித்துப் பூட்டிவிடுகிறார் என்று புகார்.

"மார்ச்சுக்குள்ள எல்லா எக்ஸ்பெரிமென்ட்டும் முடியணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கங்க" என்றார் பிரின்சிபால். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எதற்காகச் சீக்கிரம் பூட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். ஓட்டை லேபுக்கு நேர் பின்னால்.

"சார், தப்பு அந்தம்மா மேல இல்ல. சுவத்து மேல."

"சுவர் நீங்க கட்டினதுதானே?"

சுருக்கென்றது. சாயங்காலம் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடப்பாரையோடு வந்தவன் எனக்கு மச்சான் முறை.

"இன்னா மச்சான், நான் கட்டுறேன், நீ இடிக்கிறியா?"

"வழிய அடச்சிட்டியே. என் எருமை இன்னா, பஸ் புடிச்சா ஏரிக்குப் போவும்?"

அந்த ஊரிலேயே பிறந்தவன் நான், வழியை மறந்து சுவர் வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

லேபுக்கு எட்டாத மூலையில் எருமைக்கு ஒரு கேட் வைத்தேன். மச்சானையே வாட்ச்மேனாக்கி, காக்கிச் சட்டை மாட்டி, சாவியை அவனிடமே கொடுக்கும்படி பிரின்சிபாலிடம் சொன்னேன்.

"இடிச்சவன் கையிலயா சாவி?" என்றார் பிரின்சிபால்.

"அவனுக்கு வழி கெடச்சிடுச்சு சார். இனிமே வேற எவன் இடிச்சாலும் அவன் விடமாட்டான்."

அப்படியே ஆனது. சீட்டாடுகிறவர்களின் அப்பன் பேரெல்லாம் அவனுக்குத் தெரியும். "டேய், வூட்டுல சொல்லவா?" என்று ஒரு அதட்டல், கூட்டம் காலி. லேப் ஐந்து மணிவரை திறந்திருந்தது. மார்ச்சுக்குள் எல்லாம் முடிந்தது. அந்த அம்மாவின் வேலை நிரந்தரமானது. கேட்டுக்கே வந்து, "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்றார். மச்சானிடம். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பின்னால் கல்லூரி மலர் போட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் துறை முன்னுக்கு வந்தது ஆசிரியர்களின் கடமையுணர்ச்சியால் என்று ஒரு பக்கம் முழுக்க. இருக்கட்டும், அந்த அம்மா உழைத்தார். ஆனால் பயமில்லாமல் உழைக்க வழி செய்தவன் யார்? கல்லூரிக்காரர்களே, அடுத்த மலரில் ஒரு வரி எழுதுங்கள்: சுவரும் கேட்டும் என்னுடையவை. மச்சான் பேரையும் போடுங்கள், எனக்குக் கீழே.