ஜெருஷாவின் கறுப்புக் கையுறை

பாஸ்டனில் பீப்பாய் செய்யும் அபியாவின் மனைவி ஜெருஷாவை எங்கள் தெருவே கல்நெஞ்சுக்காரி என்றது. பெற்ற மகளைப் புதைத்த அன்று அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். வரவில்லைதான். அதற்கு யார் காரணம் என்று யாரும் பேசமாட்டார்கள்.

எங்கள் ஊரில் சாவுக்கு அழைத்தால் கையோடு ஒரு ஜோடி கையுறையும் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனால்தான் இறந்தவருக்கு மரியாதை. லண்டனிலிருந்து கப்பலில் வரும் சரக்கு அது. ஜெருஷாவிடம் அம்மாவின் சாவில் போட்டுக்கொண்ட கறுப்பு ஜோடி இருந்தது. வலது கட்டை விரல் கிழிந்ததை அவளே பழுப்பு நூலால் தைத்துப் பெட்டியில் வைத்திருந்தாள்.

பிறகு, கடலுக்கு அப்பால் லண்டனிலிருந்து எங்களை ஆண்ட ராஜாவின் வரி வந்தது. முதலில் காகிதத்துக்கு முத்திரை வரி. நாங்கள் போட்ட கூச்சலில் அதை எடுத்தார்கள். எடுத்த சூட்டோடு கண்ணாடிக்கு, சாயத்துக்கு, தேயிலைக்கு என்று மறுபடி போட்டார்கள். எங்கள் ஆள் ஒருத்தன்கூட உட்காராத லண்டன் சபை எங்கள் அடுப்படியில் கைவைப்பதா? லண்டன் சரக்கைத் தொடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. துக்கக் கையுறையும் அதில் சேர்த்தி. அபியா கையெழுத்துப் போட்டான். ஜெருஷாவை யார் கேட்டார்கள்?

அந்தக் குளிர்காலத்தில் அவர்களுடைய ஆறு வயது டோர்க்கஸ் தொண்டை அடைப்பு கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். ஜெருஷாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்தது மட்டும் நினைவிருந்தது. மகளை மரியாதையாக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கல்லறையில், கப்பல் பாய் தைப்பவன் மனைவி ஹெப்சிபா கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஏம்மா ஜெருஷா, ஊரே வெறுங்கையோட நிக்குது. உனக்கு மட்டும் லண்டன் கையுறை கேக்குதோ? எந்தத் துரோகி கடையில வாங்கினே?"

"எங்கம்மா சாவுல போட்டதுக்கா. பழசு. கட்டை விரல்ல தையல் இருக்கு, பாருங்க."

"நான் ஏன் பாக்கணும்? ராஜா காலைப் பிடிக்கிறவ கையை!"

அபியா தலையைக் குனிந்துகொண்டான். "கழட்டிடு ஜெரு. எல்லாரும் பாக்கறாங்க."

கழற்றினாள். உறைந்த மண்ணை வெறுங்கையால் அள்ளிப் போட்டாள். குளிர்கூடத் தெரியவில்லை. மறுநாள் அவர்கள் வாசல் கதவில் சாணியும் தாரும் அப்பியிருந்தது.

அந்த அவமானம் அபியாவைத் தின்றது. எந்தக் கூட்டமானாலும் அவன் குரல்தான் பெரிசு. வரியைக் குறை என்று ஆரம்பித்த பேச்சு, வரி போட நீ யார் என்று வளர்ந்து, கடைசியில் ராஜாவே வேண்டாம் என்று வந்து நின்றது. ராஜாவின் பட்டாளத்தோடு சண்டை போடத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரைக் குன்றுக்குப் போனவன் திரும்பவில்லை. எல்லோரையும் ஒரே குழியில் போட்டுவிட்டார்கள் என்றார்கள். ஜெருஷா "சரி" என்றாள்.

அடுத்த கோடையில் நாங்கள் இனி யாருக்கும் குடிகள் இல்லை என்று நகர மாளிகையில் வாசித்தார்கள். ஊரெல்லாம் மணியடித்தது, பீரங்கி வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஹெப்சிபா வந்து கதவைத் தட்டினாள். அவள் மகன் எனோக் பட்டாளத்துக் காய்ச்சலில் விடியற்காலை இறந்திருந்தான்.

"ஜெருஷா... அந்தக் கையுறை இன்னும் இருக்கா? வெறுங்கையோட அவனை அனுப்ப மனசு வரல."

ஜெருஷா பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். "பழசுக்கா. கட்டை விரல்ல தையல் இருக்கு."

"தெரியும்மா," என்றாள் ஹெப்சிபா, தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கே பாத்தேன்."

ஜெருஷா கொஞ்ச நேரம் கையுறையை விடாமல் பிடித்திருந்தாள். பிறகு கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து, டோர்க்கஸுக்காக அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.