மஞ்சள் பைக்குள் ஒரு ராட்டினம்

ஆம்பூருக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும் பாலாற்று மணலுக்கும் நடுவில் இருந்த கூரை வீடுகளில் ஒன்றில் பூங்காவனம் குடியிருந்தாள். ஆவாரம்பட்டை உரிப்பது அவள் பிழைப்பு. தோலைப் பதப்படுத்த டேனரிகளுக்கு அந்தப் பட்டை வேண்டும். விடிந்ததும் மலையடிவாரத்துக்குப் போய் ஆவாரங்குச்சிகளை வெட்டுவாள்; கல்லின் மேல் வைத்துத் தட்டித் தட்டிப் பட்டையை உரிப்பாள்; கட்டாகக் கட்டிப் பிற்பகலில் பட்டைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போடுவாள். அவள் உள்ளங்கைகள் எத்தனை தேய்த்தாலும் போகாத செம்மண் நிறத்தில் இருக்கும். நாளெல்லாம் குச்சி தட்டிக்கொண்டிருந்த அவள் மனசுக்குள் ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

அந்த ராட்டினத்தை அவளுக்குள் கொண்டுவந்து வைத்தவள் பக்கத்து வீட்டு மஹ்பூபி. அவளுடைய அண்ணன் சென்னையில், பெரியமேட்டில், தோல் வியாபாரம் செய்தார். ஒரு தை மாதம் அங்கே போய்விட்டு வந்தவள் பொருட்காட்சியைப் பற்றி ஒரு வாரம் ஓயாமல் சொன்னாள். லட்சம் விளக்குகளாம். தானாகப் பாடும் பொம்மைகளாம். எல்லாவற்றுக்கும் நடுவே, ஆறு பனைமரத்தை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திய உயரத்துக்கு ஒரு ராட்டினமாம். தொட்டில் தொட்டிலாகப் பெட்டிகள் தொங்குமாம்.

“மேல போனதும் கொஞ்ச நேரம் நிறுத்துவான் பூங்காவனம். அங்கேர்ந்து பாத்தா கடலு தெரியும். யாரோ நீலச் சேலையக் காயப்போட்டுட்டு எடுக்க மறந்துட்ட மாதிரி இருக்கும்” என்றாள் மஹ்பூபி.

பூங்காவனம் கடலைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் குச்சி தட்டும்போதெல்லாம் அந்த நீலச் சேலை கண்முன்னே அசைந்தது.

தான் மட்டும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அந்த வீட்டில் பதினோரு பேர். அவளும் புருஷன் கனகராஜும், நான்கு பிள்ளைகளும். கொழுந்தனும் அவன் பெண்சாதி வள்ளியம்மாளும். தாலி அறுத்து வந்த நாத்தனார் செல்லம்மாளும் அவளுடைய இரண்டு பெண்களும். பதினோரு பேர் இருந்தும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்றதில்லை. ஒருவர் டேனரிக்குப் போயிருப்பார், ஒருத்தி தண்ணீருக்குப் போயிருப்பாள், ஒருத்தி அழுதுகொண்டு படுத்திருப்பாள். ராட்டினத்தில் ஏற்றிவிட்டால் எங்கே போவார்கள்? அந்தரத்தில் எல்லோரும் ஒன்றாய்த்தான் இருக்க வேண்டும். எந்தப் பெட்டியில் யார் என்றுகூட அவள் முடிவு செய்துவிட்டாள். கனவில் பெட்டிகள் மெல்ல மேலே போகும். கீழ்ப் பெட்டியிலிருந்து செல்லம்மாள் சிரிப்பாள். புருஷன் செத்த பிறகு செல்லம்மாள் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. கனவில் மட்டும் அந்தச் சிரிப்பு எப்படியோ கேட்கும்.

கனவுக்குக் கணக்கும் போட்டாள். மெயிலில் போகாமல் பாசஞ்சரில் போவது. நான்கு பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். இரண்டு நாளைக்குத் தாங்கும்படி புளிசோறு கட்டிக்கொள்வது. ராத்திரி தங்க மஹ்பூபியின் அண்ணன் வீட்டுப் பின்கட்டு. சென்ட்ரலில் இறங்கினால் அங்கே நடந்தே போகலாம், பொருட்காட்சிக்கும் நடந்தே போகலாம். பொம்மைக் கடைப் பக்கம் பிள்ளைகளைத் திரும்பவிடாமல் நடத்திக்கொண்டு போவது. எதில் வேண்டுமானாலும் கையை இறுக்கலாம். ராட்டினத்தில் மட்டும் கூடாது. பதினோரு பேரும் ஏற வேண்டும். இப்படிப் பார்த்தால் தொண்ணூற்றாறு ரூபாய் வேண்டியிருந்தது.

தினமும் இரண்டு கட்டு உரிப்பவள் மூன்றாவதாக ஒரு சின்னக் கட்டு உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு கட்டுக் கூலி வீட்டுக்கு. மூன்றாவது கட்டின் மூன்று அணா ராட்டினத்துக்கு. பதினாறு கட்டு சேர்ந்ததும் கிடங்கில் சில்லறையைக் கொடுத்து மூன்று ஒற்றை ரூபாய் நோட்டுகளாக மாற்றிக்கொள்வாள். கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு இழுப்பாள். முப்பத்திரண்டு கோடு ஆக வேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் காசு தங்காது. முதல் மூன்று ரூபாயை உளுந்துப் பானையில் ஒளித்தாள். நாத்தனார் மகளுக்குக் காது குத்த அது போயிற்று. அடுத்ததைக் கூரையில் செருகினாள். ஒழுகுகிற இடத்துக்கு ஓலை மாற்ற ஏறிய கனகராஜ் கண்டெடுத்து, அதிலேயே ஓலை வாங்கிவிட்டான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் நல்ல செலவுதான். இழுத்த கோடுகளை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மூன்றாம் முறை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்துச் சின்னப் பையாகத் தைத்தாள். வாயை முழுக்கத் தைத்து மூடிவிட்டு, பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கிழிசல் மட்டும் விட்டாள். அதைச் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். மஞ்சள் துணிக்குள் போன காசு திருப்பதிப் பெருமாளுடையது. பசித்துக் கிடந்தாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் அதன்மேல் கை வைக்க மாட்டார்கள்.

டேனரியிலிருந்து வந்த கனகராஜ் பையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். திருப்பதிக்கா என்று கேட்டான். பூங்காவனம் அடுப்பை ஊதிக்கொண்டே “உம்” என்றாள். அந்த ஒரு “உம்”முக்கு அவள் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் அவளுடைய கடைசிப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவள் எழுந்து போய்ப் பையை எட்டினாள். கனகராஜ் அவள் கையைப் பிடித்துவிட்டான்.

“அது வேணாம். அவரு காசு அது. அதத் தொட்டுட்டு அவருகிட்டயே எப்படிப் புள்ளயக் கேக்கறது?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கையை இழுத்துக்கொண்டாள். அவன் வெளியே போய்த் தன் சைக்கிளை விற்றுவிட்டு வந்தான். பத்து வருஷம் ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த சைக்கிள். பிள்ளை பிழைத்தான். கனகராஜ் இரண்டு மைல் நடந்து வேலைக்குப் போனான். நாளெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலில் சதை சீவுகிறவன். திரும்பி வருவதற்குள் பாதங்கள் வெடித்திருக்கும். பூங்காவனம் அந்தக் கால்களுக்கு விளக்கெண்ணெய் தடவுவாள். தடவும்போது அவள் கண்ணீர் விழுவதை அவன் பாசம் என்று நினைத்துக்கொண்டான். அதனால் அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

ஆனாலும் மூன்றாவது கட்டை அவள் விடவில்லை. விட்டால் சைக்கிளும் வீண், கனவும் வீண் என்று தோன்றியது.

மூன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டாவது கோடு விழுந்தது. டேனரிக்கு வார விடுமுறை நாள். ஆண்கள் கடைத்தெருவுக்கும் பெண்கள் ஆற்றுக்கும் போயிருந்தார்கள். பொருட்காட்சி ஆரம்பித்துவிட்டது என்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்ததாக மஹ்பூபி வேலிக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போனாள். பூங்காவனம் பையை எடுத்து அரிவாள்மணையில் தையலை அறுத்துத் தரையில் கொட்டினாள்.

நோட்டுகள் விழுந்தன. அவற்றோடு கலகலவென்று சில்லறையும் விழுந்தது.

அவள் ஒருநாளும் சில்லறை போட்டதில்லை. அரையணா, ஓரணா, எட்டணா, மஞ்சள் பூசிய வெள்ளி ரூபாய்கள்கூட. தன் தொண்ணூற்றாறைப் பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணினாள். பதினேழு ரூபாய் ஆறணா. எதிரே ஏதோ உயிர் அசைவதுபோல அந்தக் குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எப்போது வீடு நிறைந்தது என்று அவளுக்குத் தெரியாது. தலை நிமிர்ந்தபோது எல்லோரும் நின்றிருந்தார்கள்.

ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. மஹ்பூபி சொன்ன கதையிலிருந்து “உம்” வரைக்கும் சொல்லி முடித்தாள். கடைசியில், இந்தச் சில்லறை யாருடையது என்று கேட்டாள்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு வள்ளியம்மாள், எட்டணாக்களெல்லாம் தன்னுடையவை என்றாள். கல்யாணமாகி ஏழு வருஷம். எதற்காகப் போட்டாள் என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பூங்காவனத்தின் மூத்த பெண் தனகோடி நான்கு ஓரணாக்களைத் தொட்டுக் காட்டிவிட்டு வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள். செல்லம்மாள் அரையணாக்களைப் பார்த்து, கனவில் ஒரு தரமாவது புருஷன் முகம் தெரிய வேண்டும் என்று போட்டதாக மெல்லச் சொன்னாள். தெரிந்ததா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினாள். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தும், யார் மனசில் என்ன இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

வெள்ளி ரூபாய்கள் ஐந்து. பையன் காய்ச்சலில் கிடந்த ஐந்து நாளும் நாளைக்கு ஒன்றாகக் கனகராஜ் போட்டவை. சைக்கிள் விற்ற பணத்திலிருந்து.

அவன் அந்த ஐந்தையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“அப்போ என் சைக்கிளு?” என்றான்.

குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் வாசலில் இறங்கி ரயில் பாதைப் பக்கம் நடந்துவிட்டான். அன்றைக்குச் சோறு அப்படியே ஆறிப்போயிற்று. பூங்காவனம் பிரித்த பணத்தை மறுபடியும் பைக்குள் போட்டுத் தைக்க உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் பெருமாளுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். வள்ளியம்மாள் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இரு அக்கா. மாமா வரட்டும். மூணு வருஷம் நீ ஒடம்பு ஒடிச்சுச் சேத்தது இது.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வந்தான். வாசலில் நின்று கால் கழுவினான். யாரையும் பார்க்காமல், ஸ்டேஷனில் விசாரித்ததாகச் சொன்னான். பாசஞ்சர் காலையில் வருகிறதாம். பதினோரு பேருக்கு டிக்கெட் இவ்வளவு ஆகுமாம். பதினேழு ரூபாய் ஆறணாவைத் தானே திருப்பதிக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வருவானாம். அதற்குப் பிறகு சென்னைக்குப் போகலாமாம்.

“ஆனா நான் ராட்டினத்துல ஏறமாட்டேன். நீங்க ஏறுங்க. நான் கீழ நின்னுக்கறேன்.”

கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு ஆள்தான் குறைந்தது. மூன்று வருஷமாகக் கனவில் ஏற்றி வைத்த பதினோரு பேரில், அவள் பக்கத்தில் உட்கார வேண்டிய ஆள்.

தை பிறந்ததும் போனார்கள். பாசஞ்சர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூச்சு வாங்கி நின்றது. அரக்கோணத்துக்கு முன்னாலேயே புளிசோற்றில் பாதி தீர்ந்தது. கனகராஜ் பிள்ளைகளோடு பேசினான், தம்பியோடு சிரித்தான். அவளோடு மட்டும் தேவையானதைத் தவிரப் பேசவில்லை. பெரியமேட்டில் மஹ்பூபியின் அண்ணன் வீட்டில் பாய் விரித்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் எல்லோரும் நடந்து பொருட்காட்சிக்குப் போனார்கள். விளக்குகள் மஹ்பூபி சொன்னதைவிட ஜாஸ்தியாக இருந்தன. ராட்டினம் மட்டும் ஆறு பனைமர உயரம் இல்லை, மூன்று இருக்கலாம். அது அவளுக்குக் குறையாகவே படவில்லை. மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்த வானத்தில் அந்தப் பெட்டிகள் மெல்ல அசைந்தன, யாரோ ஆட்டிவிட்டுப் போன தொட்டில்களைப்போல.

ஒவ்வொருவராக ஏற்றினாள். பிள்ளைகள், கொழுந்தன், வள்ளியம்மாள், செல்லம்மாளும் பெண்களும். கடைசிப் பெட்டி அவளுக்காகக் கீழே வந்து நின்றது. ராட்டினக்காரன் அவசரப்படுத்தினான். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கனகராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவள் பெட்டியில் ஏறாமல் வேலியருகே போனாள்.

“சாமிகிட்ட நான் பொய் சொல்லலைங்க. உங்ககிட்டதான் சொன்னேன். சைக்கிளு போனது என்னாலதான். ஆயுசுக்கும் திட்டுங்க, கேட்டுக்கறேன். மேல வந்து திட்டுங்க.”

அவன் அவள் கைகளைப் பார்த்தான். வேலிக் கம்பியைப் பிடித்திருந்த அந்தச் செம்மண் நிறக் கைகள். மேலே பெட்டியிலிருந்து தம்பி, பயப்படறியாண்ணா என்று கேலியாகக் கத்தினான். பெண்கள் சிரித்தார்கள். கனகராஜ் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, பெட்டியில் ஏறி உட்கார்ந்து, அவள் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.

ராட்டினம் கிறீச்சிட்டுக் கிளம்பியது. திடல் கீழே நழுவியது. விளக்குகள் சிந்திய சோளப்பொரிபோலச் சின்னதாயின. உச்சியில் பெட்டி நின்று ஆடியபோது அவன் இரும்புக் கம்பியை ஒரு கையாலும் அவள் மணிக்கட்டை ஒரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

திட்டவில்லை. “எந்தப் பக்கம்டி அந்தக் கடலு?” என்றான்.

கிழக்கே கட்டடங்களுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட கோடு தெரிந்தது. நீலமே இல்லை. கடலா, மூடுபனியா, இருட்ட ஆரம்பித்த வானமா, அவளுக்குத் தெரியவில்லை.

“அதோ, அதுதான்” என்று அவள் கை நீட்டிக் காட்டினாள். அவன் நம்பி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.