அக்காவின் ஆய்வகமும் என் கொடுவா மீனும்

என் அக்காவுக்கு வேலை எழுத்துகளை ஒப்பிடுவது. கதை, கட்டுரை எழுத்தல்ல, மரபணு எழுத்து. மொத்தமே நாலுதான். ஒரு சதைத் துணுக்கில் அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்று படித்துக் கணினியில் போட்டால் போதும். ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் ஆயிரமாயிரம் உயிர்களின் வரிசைகளில் நெருங்கியதைத் தேடி எடுத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அக்கா பார்ப்பாள். விருந்து வீட்டிலும் இதே புத்திதான். "மூக்கு சித்தப்பாது, காது மட்டும் யாருதுன்னு தெரியலையே" என்பாள் ஏதாவது ஒரு குழந்தையைப் பார்த்து, அதன் அம்மா காதில் விழும்படி. பக்கத்தில் உட்கார்ந்தால் நம் மானம் போய்விடும்.

நான் மீன்கடைக்காரன். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரிகள் என் கடையிலிருந்து தோலுரித்த கொடுவாத் துண்டு ஒன்றை எடுத்துப் போனார்கள். அது அக்காவின் ஆய்வகத்துக்கே போனது. கொடுவாவே இல்லை, அதன் மலிவான ஏரிச் சொந்தம், நூற்றுக்கு நூறு பொருத்தம் என்று முடிவு வந்தது. கடைக்குச் சீல் வைக்கப் போகிறார்களாம். என் கையால் வெட்டிய மீன் ஐயா அது!

அக்கா வீட்டுக்கு ஓடினேன். "உன் ஆபீஸ்தானே? ஒரு வார்த்தை சொல்லேன்!"

"தம்பி கடைங்கறதால நான் அதைத் தொடமாட்டேன்னு ஆபீஸ்ல அன்னிக்கே சொல்லிட்டேன்," என்றாள், துணி மடித்தபடியே.

"நல்லா இருக்கு! கூடப் பிறந்தவளா நீ?"

"கத்தாதடா. நூத்துக்கு நூறு, சரி. எவ்வளவு நீளத்துக்குன்னு கேட்டியா? மறுபடி பாக்கச் சொல்லிக் கேளு. யார் வேணா கேக்கலாம்."

கேட்டேன். அடப்பாவி, கோளாறே அங்கேதான்! படித்ததில் முக்கால்வாசி மங்கல் என்று வெட்டிவிட்டு, மிச்சத் துண்டை மட்டும் தேடியிருக்கிறார், அக்காவுக்குப் பதில் அதைப் பார்த்த பரிசோதகர். அவ்வளவு சின்னத் துண்டில் இரண்டு மீனுக்கும் ஒரே எழுத்துகள். பட்டியலில் முதலில் நின்ற பெயரை எழுதிவிட்டார். அதே மதிப்பெண்ணோடு கீழே கொடுவா நின்றதை மனுஷன் பார்க்கவே இல்லை.

புதிதாக, முழுசாகப் படித்தார்கள். இரண்டு மீனும் எங்கெல்லாம் வேறுபடுகின்றனவோ, அங்கெல்லாம் என் துண்டு கொடுவாவின் பக்கமே நின்றது. கடை தப்பியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இருப்பதிலேயே பெரிய கொடுவாவைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். "காப்பாத்திட்டேக்கா!"

"நான் எங்க காப்பாத்தினேன்? முழு நீளத்துக்கும் அந்த ஏரி மீன்னு வந்திருந்தா, கடைய மூடுடான்னு நானே வந்து நின்னிருப்பேன்."

நின்றிருப்பாள், கிராதகி. எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால்தான் எதிர்க்கடைக்காரன்கூட, தம்பிக்காக முடிவை மாற்றிவிட்டாள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.