டொக்டர் வந்த அன்று கை தூக்கியது

நடந்தவை இவை:

1. நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய பரமட்டாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பலஸ்தீன அன்ரியின் கணவர் சிறையிலிருந்து விடுபட்டு வந்தார்.
2. அம்மா அவருக்கு ஆலாத்தி எடுத்தா.
3. தெருவே கை தூக்கியது.

அன்ரியும் அம்மாவும் ஒரே ஆஸ்பத்திரியில் தாதிகள். அன்ரியின் கணவர் டொக்டர். அவர்களுடைய ஊரில் போர் நடந்தபோது அங்கே மருத்துவம் செய்துகொண்டிருந்த அவரைப் படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். உயிரோடு வருவாரா என்பது கடைசி மாதம்வரை யாருக்கும் தெரியாது. வருகிறார் என்றதும் அன்ரி எங்கள் குசினிக்குள் ஓடிவந்து, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவைத் தூக்கிச் சுற்றினா. அம்மா கனமானவ.

"அவை வேற சமயம். ஆலாத்தியெல்லாம் தேவையோ?" என்றார் அப்பா.

"மறியலிலயிருந்து வாற மனுசனுக்குக் கண்ணூறு கழிக்காமல் விடுறதே? அவைக்கும் கண்ணூறு இருக்கு. வாசலில நீலமணி தொங்குறது தெரியேல்லையே?" என்று கேட்டா அம்மா.

அப்பா வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போனார். வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்துவது என் வேலையாயிற்று. ஆலாத்திக்கு இரண்டு பெண்கள் வேண்டும். எங்கள் தெருவில் வேறு தமிழர் இல்லாததால் தட்டின் மறுபக்கத்தை அன்ரியே பிடித்தா.

கார் வந்து நின்றது. மெலிந்த ஒருவர் இறங்கினார். பெட்டியோடு நேரே நடந்து வந்தவரைப் பார்த்து, திரி அணைந்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில், அப்பா ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார்: "அசையாமல் நில்லுங்கோ!"

டொக்டர் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

அதுதான் அவர்கள் வழக்கமாக்கும் என்று நானும் தூக்கினேன். தம்பி தூக்கினான். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் தூக்கினார்கள். மரியாதை குறையக்கூடாதென்று அப்பாவும் தூக்கினார். தூக்காதவர்கள் தட்டைப் பிடித்திருந்த இருவர்தான். அன்ரி தட்டை விட்டுவிடப் பார்த்தா. "விடாதை பிள்ளை, சுத்து!" என்றா அம்மா, தமிழில்.

டொக்டர் சுற்றிலும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா பொட்டு வைக்கும்போதும் தலை குலுங்கியதால் அது புருவத்தில் விழுந்தது. பின்னேரம் அன்ரி தங்கள் வழக்கப்படி சட்டியோடு பெரிய தட்டில் கவிழ்த்துக் கொட்டிய இறைச்சிச் சோற்றைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிட்டோம். பல மாதங்களுக்கு டொக்டரை எங்கே கண்டாலும் கை தூக்குவோம். அவரும் தூக்குவார்.

படையினர் அவருடைய மருத்துவ நிலையத்துக்குள் வந்ததும் முதலில் சொன்னது அப்பா சொன்ன அதே வார்த்தைகள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அங்கே மருந்து கட்டிக்கொண்ட காயக்காரரின் பெயர்களைக் கேட்டார்கள். அவரும் அங்கே வேலை செய்த ஒரு தாதியும் சொல்லவில்லை. இருவரையும் கொண்டுபோனார்கள்.

டொக்டர் மறுபடி பரீட்சை எழுதி இங்கே வேலை செய்கிறார். அந்தத் தாதி இன்னும் வரவில்லை.